காரிடார் தொட்டியில் பாப்பிரஸ் சாய்கிறது, கோரைக்கிழங்கு அழுகுகிறது. இரண்டும் கோரைதானே?

கேள்வி:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக், 9வது மாடி, காலையில் 2 மணி நேரம் மட்டும் வெயில். இரண்டு தொட்டியிலும் ஒரே தோட்டமண், அடித்தட்டில் எப்போதும் 3 செ.மீ. தண்ணீர். பாப்பிரஸ் தண்டு மெலிந்து சாய்கிறது. கோரைக்கிழங்கு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம். எதை மாற்றுவது?

பதில் 1:
இலையில் இரண்டும் ஒரே ரகம், வேரில்தான் வேறு. இரண்டுமே சி4 தாவரங்கள். கரியமில வாயுவை நரம்பைச் சுற்றியுள்ள செல்களில் குவித்துத்தான் சர்க்கரை செய்கின்றன. அதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும், அதாவது நல்ல வெயில். 2 மணி நேரம் போதாது, 6 மணி நேரமாவது வேண்டும். உரம் போட்டால் தண்டு இன்னும் நீண்டு சாயும். வடக்குப் பார்த்த காரிடார் என்றால் ஜூனில் வரும் வெயில் டிசம்பரில் வராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

இனி வேர். பாப்பிரஸ் தண்டைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. தண்ணீருக்குள் வைத்து அமுக்கினால் குமிழி வரும். அந்தக் காற்றறைகள் வழியாகத்தான் சேற்றிலிருக்கும் வேர்த்தண்டுக்கு ஆக்சிஜன் இறங்குகிறது. பழுத்த தண்டை நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்டுங்கள். கீழே வெட்டினால் குழாயில் தண்ணீர் ஏறி அழுகல் தொடங்கும்.

சாதாரணக் கோரைக்கிழங்குக்கு அவ்வளவு வசதி இல்லை. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும், உங்கள் நாற்றம் அதுதான். தட்டை எடுத்துவிட்டு, பாதிக்குப் பாதி கரடுமணல் கலந்து, கெட்டியான கிழங்கை மட்டும் 3 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். சமூகத் தோட்டத் தரையில் மட்டும் வேண்டாம். கிழங்குகள் சங்கிலியாக ஓடும், மேலே பிடுங்கினால் அடியில் தூங்குவதெல்லாம் முளைக்கும்.

பதில் 2:
தட்டுத் தண்ணீர் பாப்பிரஸுக்கும் வேண்டாங்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். துளையில்லாத வாளியில் மண், அதன்மேல் 3 செ.மீ. மணல், நீர்மட்டம் மணலுக்குள்ளேயே நிற்கட்டும். வேர் நனையும், கொசுவுக்கு இடமிருக்காது.

பதில் 3:
'கோரை என்றாலே வெயில்' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புக்கிட் தீமா காட்டு நிழலில் வளரும் மப்பானியா என்ற கோரை சி3 (வாயுவை அப்படிக் குவிக்காத சாதாரண வகை), அகன்ற இலை. குடைக்கோரையும் சி3தான், இந்தக் காரிடாருக்கு அதுவே சரி. ஃபுளோரிடாப் பக்கத்து எலியோகாரிஸ் விவிபாரா என்ற கோரை இன்னும் விசித்திரம்: தரையில் சி4, தண்ணீருக்குள் சி3. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988இல் காட்டியது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. பாப்பிரஸ் வேரில் துருப்போலச் செம்பழுப்புப் படிவம் இருக்கிறதே, கழுவிவிடவா?

பதில் 1:
வேண்டாம். அது துருவேதான். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து படிகிறது. செம்பழுப்பு வேர் உயிரோடிருக்கிறது, கறுத்துக் கொழகொழவென்று இருப்பதை மட்டும் நறுக்குங்கள்.