ஹாலோபாடி கிட்டாருக்கு பிக்கப் மாத்தணும், ஹம்பக்கரா பி-90ஆ? கடல் பக்கம் இருக்கவங்க சொல்லுங்க

பாம்பன்_ஆறுதந்தி:
அண்ணன்மாருக்கு வணக்கம். நான் பாம்பன், சர்ச் கொயர்லயும் அப்பப்ப நம்ம பக்கத்து மெல்லிசை கச்சேரியிலயும் வாசிக்கிறேன். என்கிட்ட இருக்குறது ஃபுல் ஹாலோபாடி, அதாவது உள்ள முழுசும் வெத்தா இருக்குற எலக்ட்ரிக் கிட்டார், கிப்சன் கம்பெனியோட இஎஸ்-175 மாடல் ஷேப், ஆனா சைனா மேக், பழசா வாங்குனது. கம்பி அதிர்வை ஆம்புக்கு அனுப்புற பிக்கப் ரெண்டும் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்குற ரெட்டைச் சுருள் வகை), மேல் பலகையில f வடிவ ஓட்டை (எஃப் ஹோல்), பலகையில ஒட்டாம கம்பி அழுத்தத்துல மட்டும் நிக்கிற ஃப்ளோட்டிங் பிரிட்ஜ். ஆம்ப் இல்லாம வீட்ல சும்மா வாசிச்சா அவ்வளவு அழகா இருக்கு, ஆம்ப்ல போட்டா நெக் பிக்கப் (கிட்டார் கழுத்துப் பக்கம் இருக்குறது) கும்முனு அடைச்சிக்கிட்டு வருது, கார்டு புடிச்சா ஒரு நோட்டும் தனியா காதுல விழல. சத்தம் ஏத்துனா ஊளை வேற. ரெண்டையும் மாத்திடலாம்னு இருக்கேன். ஒருத்தர் ஒத்தைச் சுருள் பிக்கப்பான பி-90ங்கிறார், ஒருத்தர் வேற வகை ஹம்பக்கரான ஃபில்டர்ட்ரான்ங்கிறார். டிஸ்டார்ஷன் போடுறதே இல்ல, சுத்தமான உருண்டையான டோன்தான் வேணும். பாதி ஸ்டேஜ் ஜெனரேட்டர்லதான் ஓடுது, அதையும் கணக்குல வச்சு சொல்லுங்கண்ணே.

மண்டபம்_சவுண்ட்:
தம்பி, பிக்கப்புக்கு காசு போடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடு. கேபிளை கிட்டார்ல சொருகி மறுமுனை ப்ளக்ல நுனியையும் உடம்பையும் தொட்டு, வால்யூம் ஃபுல்லா வச்சு ஓம் பாரு. பழைய காலத்து மாதிரி சுத்துன ஹம்பக்கர்னா ஏழரை எட்டு கிலோ ஓம் வரும், பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்குற திருகு ரெசிஸ்டர்) கூடவே இருக்கறதால கொஞ்சம் கம்மியாதான் காட்டும். 12, 13னு வந்தா ராக் வாசிக்க சுத்துன சூடான பிக்கப்பா இருக்க வாய்ப்பு நிறைய, கம்பி கூட சுத்தச் சுத்த மேல் சத்தம் மழுங்கிரும். ஓமை மட்டும் வச்சு முடிவு பண்ணிராத, கம்பி சைஸ் மாறுனாலும் ஓம் மாறும், ஆனா துப்பு கிடைக்கும்.

அப்புறம் பாட். ஹம்பக்கருக்கு 500கே (500 கிலோ ஓம்) வேணும். விலை கம்மி கிட்டார்ல 250கே போட்டு விட்டுருப்பாங்க, மேல் சத்தமெல்லாம் அது வழியா கிரவுண்டுக்கு போயிரும், நீ என்ன பிக்கப் மாத்தினாலும் அடைச்சாப்லதான் இருக்கும். நம்ம ஊர்ல இன்னொன்னு, களிம்பு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னலைத் திறந்து வச்சு கிட்டாரைச் சுவத்துல மாட்டியிருந்தா போதும், ஜாக், ஸ்விட்ச், பாட் எல்லாத்துலயும் பச்சை பூத்துரும். டார்ச் அடிச்சு எஃப் ஹோல் வழியா பாரு.

ஊளையில ரெண்டு வகை இருக்கு, இதைப் பிரிச்சுப் பார்க்கறது முக்கியம். உள்ளங்கையால கம்பி மொத்தத்தையும் அமுக்கு. அமுக்குனதும் நின்னுட்டா அது பாடி ஊளை, ஸ்பீக்கர் சத்தம் மேல் பலகையை ஆட்டுது, பலகை கம்பியை ஆட்டுது, அது திரும்ப ஸ்பீக்கருக்கே போகுது. இதுக்கு பிக்கப் மாத்தி பெருசா பலன் கிடையாது. எஃப் ஹோலை ஸ்பாஞ்ச் வச்சு அடை, ஆம்ப்ல பேஸைக் குறை, ஆம்புக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நில்லு. கம்பியை அமுக்கியும் கீச்சுனு கத்துதுன்னா பிக்கப்புக்குள்ள சுருள் லூசா இருக்கு, சுருள் ஆடாம இருக்க உள்ள மெழுகு ஏத்துன பிக்கப் வாங்கணும்.

கடைசியா ஒண்ணு, இன்னைக்கே பண்ணு. நெக் பிக்கப்போட ரெண்டு ஸ்க்ரூவையும் திருகி கீழ இறக்கு, கடைசி ஃப்ரெட்ட புடிச்சா கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் இருக்கட்டும், தடிச்ச கம்பி பக்கம் இன்னும் கொஞ்சம் கூட.

கீழக்கரை_ஆர்ச்டாப்:
மண்டபத்துக்காரர் சொன்னது சரி, நான் டோன் பத்தி மட்டும் சொல்றேன். இஎஸ்-175 1949ல வந்தப்ப அதுல இருந்தது ஒரே ஒரு பி-90. சேத் லவர் கிப்சன்ல ஹம்பக்கரைக் கண்டுபிடிச்சு, 1957ல இருந்துதான் அந்த கிட்டார்ல அது ஏறுச்சு. நாம ஜாஸ் டோன்னு நினைக்கிற அந்த வெதுவெதுப்பான சத்தம் பெரும்பாலும் அந்த ஹம்பக்கர் குடுத்தது, அதுவும் சத்தம் கம்மியான ஹம்பக்கர். அதனால ‘ஹை அவுட்புட்’னு பெட்டியில எழுதியிருந்தா கையில எடுக்கவே எடுக்காதீங்க தம்பி, ஹாலோபாடிக்கு அது ஆகவே ஆகாது.

அல்நிகோ 2 காந்தம் வச்சது மெதுவா, உருண்டையா வரும், அல்நிகோ 5 கொஞ்சம் விறைப்பா பளிச்சுனு வரும். செய்மூர் டங்கன்ங்கிற பிக்கப் கம்பெனியில சேத் லவர்னே ஒரு மாடல் இருக்கு, அல்நிகோ 2. வீட்ல, ரெக்கார்டிங்ல அதை வாசிச்சா விரல் கம்பியில உரசுறது வரைக்கும் கேக்கும், மரத்தோட மூச்சு வர்ற மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு மெழுகு ஏத்துறது இல்ல, பழைய காலத்து முறையிலயே விட்டுருக்காங்க, சத்தமான ஸ்டேஜ்ல கீச்சிட வாய்ப்பு இருக்கு. உங்க வேலைக்கு அதே கம்பெனியோட 59 மாடல் பொருந்தும். அல்நிகோ 5, மெழுகு ஏத்துனது, நெக் கிட்டத்தட்ட ஏழரை கிலோ ஓம். ஏற்கனவே அடைச்சிக்கிட்டு வர்ற கிட்டாருக்கு அந்த பளிச்சு நல்லதுதான். நிக்கல் கவர் போட்டதா வாங்குங்க, துணியால துடைச்சு வச்சா நம்ம காத்துக்கு தாங்கும். ஃபில்டர்ட்ரான் அருமையான பொருள், ஆனா அது கிரெட்ச் கிட்டாரோட சத்தம், துள்ளலா வரும், நீங்க கேக்குற உருண்டை அதுல கிடைக்காது. சைஸும் வேற.

தீவுக்காரன்:
பி-90க்காக ஒரு ஓட்டு நான் போடுறேன். ஹம்பக்கர் சைஸ்லயே பி-90 வருது, ஃபேட் கேட்னு டங்கன்லயே இருக்கு, பலகையில ஒரு இழைப்பு கூட வேணாம் அப்படியே உக்காரும். ஹாலோபாடியில பி-90 குடுக்குற அந்த உயிர் ஹம்பக்கர்ல வராது, ஒவ்வொரு நோட்டும் தனியா நிக்கும், ப்ரோ கேட்டதே அதுதானே. இரைச்சல் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு பிக்கப்பும் எதிரெதிரா சுத்துன ஜோடியா வாங்குனா நடு ஸ்விட்ச்ல, அதாவது ரெண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, இரைச்சல் அடங்கிரும்.

மண்டபம்_சவுண்ட்:
தீவுக்காரரே, வீட்ல வாசிக்கிறவருக்குன்னா நானும் பி-90தான் சொல்லுவேன். தம்பி வாசிக்கிறது சீரியல் லைட் செட்டுக்கு பக்கத்துல, ஜெனரேட்டர் கரண்ட்ல, எர்த் ஒழுங்கா இருக்கான்னே தெரியாத ஸ்டேஜ்ல. ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஃபாதர் பேசும்போது கிட்டார் உர்ருனு உறுமிக்கிட்டு நிக்கும். நெக் பிக்கப்லயே வாசிக்கிற ஆளுக்கு நடு ஸ்விட்ச் அடங்கி என்ன பிரயோஜனம்.

பாம்பன்_ஆறுதந்தி:
அண்ணே காக்கா எல்லாருக்கும் நன்றி. பார்த்துட்டேன். நெக் 13 கிலோ ஓம் பக்கம் காட்டுது. பாட் மேல டார்ச் அடிச்சா 250ன்னு எழுதியிருக்கு, சால்டர் பண்ண இடமெல்லாம் பச்சை. பிக்கப்பை இறக்குனதும் பாதி அடைப்பு போயிருச்சு, இவ்வளவு மாறும்னு நினைக்கவே இல்ல. கம்பியை அமுக்குனா ஊளை நின்னுருது. அப்ப நெக்குக்கு மட்டும் 59, பாட் நாலும் 500கே, ஜாக் புதுசுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா பின்பக்கம் மூடியே இல்லையே, பாட்டை எப்படி வெளிய எடுக்குறது?

தொண்டி_சர்வீஸ்:
எஃப் ஹோல் வழியாதான் தம்பி, வேற வழி இல்ல. பொறுமையா பண்ணா வீட்லயே முடியும். கம்பியைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிரிட்ஜ் நிக்கிற இடத்தைச் சுத்தி பெயின்டர் டேப் ஒட்டி அடையாளம் வை, ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி போயிரும். குமிழைக் கழட்டி, பாட்டோட தண்டுல தங்கூசி நரம்பை இறுக்கிக் கட்டு, அப்புறம்தான் நட்டைக் கழட்டணும். பாட் உள்ள விழுந்ததும் எஃப் ஹோல் வழியா வெளிய இழு, நரம்பு அந்த ஓட்டை வழியாவே நிக்கும். புது பாட்ல அதே நரம்பைக் கட்டி மேல இருந்து மெதுவா இழுத்தா தண்டு தானா வந்து ஓட்டையில எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி நரம்பு, சிக்கல் விழாம.

புது பாட் வாங்கும்போது தண்டு தடிமனை அளந்துக்க. அமெரிக்க பாட் தண்டு தடிப்பா இருக்கும், சைனா கிட்டார் ஓட்டையில போகாது, எஃப் ஹோல் வழியா அதோட உடம்பு நுழையுமான்னும் பாரு. சின்ன சைஸ் 500கே போதும். வயரெல்லாம் மேல வலை போட்ட ஷீல்டு வயரா இருக்கட்டும். கம்பியோட அடி முனை மாட்டுற டெயில்பீஸுக்கு போற கிரவுண்ட் வயரை மறந்துராத, அது விட்டுப்போனா கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையாது.

நெக் மட்டும் மாத்துற, பிரிட்ஜ் பழசு, அதனால நாலு வயர் வர்ற மாடலா கேட்டு வாங்கு. ரெண்டையும் சேர்த்துப் போட்டா சத்தம் ஒல்லியா மூக்கால பாடுற மாதிரி வந்துச்சுன்னா ஃபேஸ் எதிரா இருக்கு, ஒண்ணோட சிக்னலை இன்னொண்ணு வெட்டுதுன்னு அர்த்தம். நாலு வயர்னா சுருள் வயரை மாத்திப் போட்டா முடிஞ்சது. ஒத்தை வலை வயர்ல அப்படி மாத்துனா மேல் கவருக்கே சிக்னல் வந்துரும், கை பட்டாலே இரையும், காந்தத்தைத்தான் திருப்பணும், அது பெரிய வேலை.

கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் ரிங் (பிக்கப்பைத் தாங்குற சட்டம்) தட்டையா இருந்துச்சுன்னா கவனம், உன் கிட்டார் பலகை வளைவு, அதைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்குனா விரிசல் விட்டுரும். உன் பழைய ரிங்கையே போடு.