முன்னால் எவ்வளவு தூரமும் ஓட்டுவேன், ரிவர்ஸ்தான் வரவில்லை

புழுதிவாக்கம்காரி:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஈசிஆரில் பாண்டிச்சேரி வரை நானே ஓட்டிப் போயிருக்கிறேன், சாயங்கால நேரத்து வேளச்சேரி நெரிசலில் மாநகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து வருகிறேன், அதிலெல்லாம் பயமே கிடையாது. ஆனால் ரிவர்ஸ் கியரைப் போட்டதும் மூளை வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, போட்டு முடிப்பதற்குள் தூண் பக்கத்தில் வந்துவிடுகிறது.

எங்கள் அபார்ட்மென்டில் ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கட்டடத்துக்கு அடியிலேயே தூண்களுக்கு நடுவில் நிறுத்துவது. என் இடம் இரண்டு தூண்களுக்கு நடுவில், எதிரே காம்பவுண்டுச் சுவர். பின்பக்கமாக ஏற்றினால்தான் காலையில் நிம்மதியாக வெளியே எடுக்க முடியும். என் வண்டி கேட்டுக்குள் நுழைந்ததுமே வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து "வா வா வா, லெஃப்ட் ஒடி, ஃபுல்லா ஒடி, இல்ல இல்ல, ரைட்டு ரைட்டு" என்று தொடங்கிவிடுவார். அந்தச் சத்தத்தில் மாடியிலிருக்கும் மாமா ஒருவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துத் தன் பங்குக்கு ஒரு யோசனை சொல்வார். பின்னால் ஸ்கூட்டியில் வருகிறவர் ஹாரன் அடிப்பார். இத்தனைக்கும் நடுவில் எனக்கு எது லெஃப்ட் எது ரைட் என்பதே மறந்துபோகும்.

டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். கடைசி வகுப்பில் ஒரு காலி மைதானத்தில் நேராகப் பின்னால் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்போதும் கிளட்சும் பிரேக்கும் மாஸ்டர் காலடியில், ஸ்டீரிங்கில் பாதி அவர் கையில்.

வண்டி 2016 ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சென்சார், கேமரா எதுவும் கிடையாது. கேமரா மாட்டினால் இது தீருமா, இல்லை வெட்டிச் செலவா? யோசிக்காமலேயே கை சரியான பக்கம் ஒடிக்க என்னதான் செய்ய வேண்டும்? "லேடீஸ் என்றாலே..." என்று ஆரம்பிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு திரிக்குப் போகவும். எங்கள் வீட்டுக்காரருக்கும் வராது, அவர் சத்தமில்லாமல் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்துவிடுகிறார்.

கோவை வண்டிக்காரன்:

மேடம், முதலில் லெஃப்ட் ரைட் விஷயத்தை முடித்துவிடுவோம். ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ, வண்டியின் பின்பக்கம் அதே பக்கம்தான் போகும். வலது என்றால் வலது, இடது என்றால் இடது. எதிர்ப்பக்கம் வீசுவது முன்மூக்கு. நீங்கள் முன்கண்ணாடி வழியாக பானெட்டைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. டிக்கியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் பாருங்கள், அந்தப் பக்கம் ஒடியுங்கள். கணக்கே வேண்டாம்.

அடுத்தது தூண். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டில்ட் பார்க்கிங்கில் முக்கால்வாசிப் பேர் உரசுவது இது புரியாமல்தான். திரும்புவது முன்சக்கரம், பின்சக்கரம் திரும்பாது. அதனால் வளைவில் பின்சக்கரம் எப்போதும் உள்வட்டத்தில்தான் போகும். முன்பக்கமாக நுழைத்தால் மூக்கு உள்ளே போய்விடும், பின்கதவு தூணில் உரசும். பின்பக்கமாக நுழைத்தால் திரும்பாத சக்கரம் முதலில் இடத்துக்குள் போய்விடும், மூக்கு வெளியே இருக்கிற காலி இடத்தில் வீசிக்கொண்டு வரும். நெருக்கமான இடத்தில் ரிவர்ஸில் ஏற்றச் சொல்வது இதனால்தான், காலையில் எடுக்கச் சுலபம் என்பது கூடுதல் லாபம்.

தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். உங்கள் மாடல் ஸ்விஃப்டின் அகலம் 1,695 மில்லிமீட்டர். நட்டநடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் சேர்த்து 80 சென்டிமீட்டர் மிச்சம், அதிலும் தூண் கொஞ்சம் தின்றுவிடும். ஆக, இடம் இருக்கிறது. ஆனால் உள்ளே போன பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்கிற அளவுக்கு இல்லை, நுழையும்போதே கோணம் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் இடம் இடது பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடத்தைத் தாண்டி முன்னால் போய் நில்லுங்கள், தூண் வரிசைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒன்றரை மீட்டராவது விடுங்கள். எல்லோரும் பயத்தில் தூணை ஒட்டியே போவார்கள், தப்பே அங்கேதான். ஒட்டிப் போனால் வளைவதற்கே இடம் இருக்காது. அப்புறம் ரிவர்ஸில் வந்து, பின்பம்பர் முதல் தூணுக்கு வருவதற்கு முன்பே இடது பக்கம் முழுக்க ஒடிக்க ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு முன்பே என்பது காருக்குக் கார் மாறும், அது பழக்கத்தில் வரும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது மூன்று இடம்: இடது கண்ணாடியில் பின்சக்கரத்துக்கும் பக்கத்துத் தூணுக்கும் உள்ள இடைவெளி, வலது கண்ணாடியில் டிக்கியின் மூலைக்கும் அடுத்த தூணுக்கும் உள்ள இடைவெளி, நடுநடுவே வலது முன்மூலை எதிர்ச்சுவரை நெருங்குகிறதா என்று ஒரு பார்வை. இடத்தின் கோட்டுக்கு வண்டி நேரானதும் ஸ்டீரிங்கையும் நேராக்கிவிடுங்கள்.

இடது சைடு மிரரைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், பின்சக்கரம் தரையைத் தொடுகிற இடம் தெரிய வேண்டும். ஏற்றி முடித்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள், ரோட்டில் அது ஆபத்து.

கேமரா கட்சி:

இவ்வளவு பாடம் எதற்கு? ஒரு கேமரா மாட்டி, ஸ்டீரியோவையும் ஸ்கிரீன் உள்ளதாக மாற்றினால் வேலை முடிந்தது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கிற புது கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதற்கும் மேலே போய் 2018 மே முதல் புது வண்டிகளில் கேமராவையே கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் மக்கள் மட்டும் இன்னும் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டுவேன் என்கிறார்கள்.

கோவை வண்டிக்காரன்:

அண்ணே, அமெரிக்காவில் கட்டாயமாக்கியது பார்க்கிங் தெரியாதவர்களுக்காக இல்லை. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்ற சின்னக் குழந்தைகள் அடிபட்டதால்தான். அந்த விதத்தில் கேமரா உயிர்காக்கும் சமாச்சாரம், மாட்டச் சொல்லி நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் இந்த மேடத்துக்குப் பிரச்சினை பக்கத்துத் தூணும் எதிர்ச்சுவரும். பின்கேமராவில் பின்சக்கரமும் தெரியாது, முன்மூலையும் தெரியாது. அகல லென்ஸ் என்பதால் தூரமும் சரியாகப் பிடிபடாது. வெளியில் மாட்டுகிற மலிவான கேமராவில் வருகிற பச்சை மஞ்சள் சிவப்புக் கோடு ஸ்டீரிங்கோடு வளையாது, அதை நம்பி ஒடித்தால் அவ்வளவுதான். மழைக்காலத்தில் லென்ஸ் மேல் சேறு வேறு. சென்சாருக்கும் மெல்லிய கம்பி, பம்பருக்குக் கீழே இருக்கிற குட்டைக் கல் எல்லாம் பல நேரம் சிக்காது.

கேமரா கட்சி:

சரி, சேற்றைத் துடைத்துக்கொள்ளலாம். நான் சொல்வது, பயம் இருக்கிறவர்களுக்கு பீப் சத்தமாவது ஒரு தைரியம் தரும் என்பது.

பணிநிறைவு ஓட்டுநர்:

அம்மா, நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை, உங்களைச் சுற்றி நின்று கத்துகிறவர்கள்தான் பிரச்சினை. பின்னால் நின்று சைகை காட்டுகிறவன் ஸ்டீரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. லெஃப்ட் ஒடி, ரைட் ஒடி என்பது ஓட்டுகிறவர் வேலை. அவன் சொல்ல வேண்டியது இரண்டே இரண்டு: வரலாம், ஹோல்டான். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் நின்று விசில் ஊதிக்கொண்டே இருப்பார், விசில் நின்றால் பஸ் நிற்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிறுத்து என்று கத்தச் சொன்னால், கத்துவது காதில் விழாமல் போகலாம். சத்தம் நின்றாலே நிறுத்து என்று வைத்துக்கொண்டால் தப்பு நடக்காது. உங்கள் வாட்ச்மேனிடம் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும், வாயை மூடினால் பிரேக்.

ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். பால்கனிக்காரரை விட்டுவிடுங்கள். சொல்கிற ஆள் உங்கள் வலது கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும், கண்ணாடியில் ஆளைக் காணோம் என்றால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் யாரையும் நிற்கவிடாதீர்கள். கிளட்சில் கால் வழுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம், ஏறி உட்காருவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மழைக்காலத்தில் ஸ்டில்ட்டில் தெருநாய் பின்சக்கரத்தை ஒட்டிப் படுத்திருக்கும், சத்தம் கேட்டாலும் எழுந்திருக்காது. சின்னப் பிள்ளைகள் டிக்கிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுவார்கள், எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

பாலக்காடு எக்ஸ்பிரஸ்:

இங்கே கேரளத்தில் பல வருடமாகவே எச் போட்டால்தான் லைசென்ஸ். இரண்டு பக்கமும் கம்பி நட்டு ரிப்பன் கட்டியிருப்பார்கள், ஆங்கில எச் எழுத்து மாதிரி முன்னும் பின்னும் எடுக்க வேண்டும், கம்பியைத் தட்டினால் ஃபெயில். அதனால் இந்தப் பக்கம் ரிவர்ஸ் தெரியாதவர்கள் குறைவு, சிக்னலில் எப்படி நிற்க வேண்டும் என்று தெரியாதவர்கள் நிறைய. (சொந்த ஊர்க்காரன் என்பதால் சொல்ல உரிமை உண்டு.)

வேடிக்கை என்னவென்றால் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியைப் படியுங்கள். டெஸ்டில் ஒரு குறுகலான இடத்துக்குள் வலது பக்கமோ இடது பக்கமோ ரிவர்ஸில் கட்டுப்பாட்டோடு வண்டியை ஏற்றிக் காட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நான் உங்கள் பக்கம் வேலையில் இருந்தபோது கூட வந்த நண்பனுக்கு நடந்த டெஸ்ட், ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம், ஒரு கியர் மாற்றம், கையெழுத்து. எந்த ஊர் ஆபீஸ் என்று கேட்காதீர்கள்.

பழகுவதற்கு: காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலைந்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏதாவது காலி மனைக்குப் போங்கள். உங்கள் பார்க்கிங்கை டேப் வைத்து அளந்து, தூண் இருக்கிற இடத்தில் கேனை வைத்து அதே அளவில் போட்டுப் பாருங்கள், எதிர்ச்சுவருக்கும் ஒரு வரிசை. கேன் விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஹாரன் அடிக்க யாரும் இல்லை. முக்கியமாக ஒன்று, வேண்டுமென்றே தப்பாகவும் ஒடித்துப் பாருங்கள். சீக்கிரம் ஒடித்தால் எந்தக் கேன் விழுகிறது, தாமதமாக ஒடித்தால் எது விழுகிறது என்று பார்த்துவிட்டால் கை தானாகப் பழகிவிடும்.

புழுதிவாக்கம்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஓட்டுநர் ஐயா, விசில் விஷயத்தைப் படித்த உடனே கீழே போய் வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன், "அப்ப ஒடிக்கிறத நீங்களே பாத்துக்குவீங்களா?" என்று கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். ரிவர்ஸ் போடும்போது சில சமயம் 'கர்ர்ர்' என்று பல் உரசுகிற சத்தம் வருகிறது. போன பிறகும் வண்டி ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். கியர்பாக்ஸ் போய்விட்டதா?

ஷெட்டுக்காரன்:

இரண்டும் வேறு வேறு. ஊளைச் சத்தம் சாதாரணம். மற்ற கியர்களில் பல் சாய்வாக வெட்டியிருக்கும், ரிவர்ஸில் பெரும்பாலும் நேர்பல், அதனால் சத்தம் போடும். 'கர்ர்ர்' என்பது நீங்கள் அவசரப்படுவதால். பல் உரசாமல் கியர் விழ உதவுகிற சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு பல வண்டிகளில் ரிவர்ஸுக்குக் கிடையாது. வண்டி முழுதாக நிற்க வேண்டும், கிளட்சை அடி வரை மிதித்து ஒன்றிரண்டு நொடி விட்டு அப்புறம் போட வேண்டும். அப்படியும் விழவில்லை என்றால் ஒரு தடவை ஃபர்ஸ்ட் போட்டு எடுத்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். இப்படிச் செய்தும் உரசினால் கிளட்சைக் காட்டுங்கள்.

அப்புறம், சமதளத்தில் ரிவர்ஸுக்கு ஆக்சிலரேட்டரே தேவையில்லை. ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி விட்ட நிலையில், வண்டி ஊர்ந்து போகும், வலது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். குழப்பம் வந்தால் கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசியுங்கள். முன்னால் எடுத்துத் திருத்திக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை, நாங்களே ஷெட்டில் அப்படித்தான் ஏற்றுகிறோம்.

சும்மா_படிப்பவன்:

என்னுடையது ஏஎம்டி, கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக். ஹாஃப் கிளட்சே கிடையாது, நான் என்ன செய்வது?

ஷெட்டுக்காரன்:

கியரை ரிவர்ஸில் (R) போட்டுவிட்டு பிரேக்கை மெல்ல விட்டாலே பெரும்பாலான வண்டிகள் தானாக ஊரும், வேகத்தை பிரேக்கிலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டர் பக்கம் கால் போகவே வேண்டாம். வாசலில் ஏற்றம் இருந்தால் மட்டும் கவனம். ஏஎம்டி ஏற்றத்தில் ஊரத் திணறும், சில வண்டி எதிர்ப்பக்கம் உருளக்கூடச் செய்யும். அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி இழுக்கிறது என்று தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள்.