அப்பா இல்லாத குரூப்

ஞாயிறு

அண்ணன் "அப்பா ஹார்ட் (அப்பாவ சேக்காதீங்க)" குரூப்பை உருவாக்கினார்

அண்ணன்: எல்லாரும் வந்தாச்சா. அட்டாக் வந்து அப்பாவோட ஹார்ட் ரத்தக்குழாய்ல ரெண்டு ஸ்டென்ட் கம்பி வச்சு ஆறு வாரம் ஆச்சு, மனுசன் ஒரு நாள் கூட வாக்கிங் போகல. நேத்து முக்குக் கடையில நின்னு பீடி குடிச்சத எதுத்த வீட்டுக்காரரு பாத்துட்டு எனக்கு போன் பண்றாரு, கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு நான் என்ன செய்ய

அம்மா: பீடி இல்லப்பா சிகரெட்டு

அண்ணன்: ரொம்ப முக்கியம்மா இப்ப அது

மாமா: மச்சானுக்கு பயம் இல்ல, அதான் விசயம். அன்னைக்கு நான் அனுப்புன வீடியோவ போட்டுக் காமிச்சீங்களா இல்லையா, 42 வயசுப் பையன் ஜிம்முல சுருண்டு விழுறது

நான்: காமிச்சோம் மாமா. பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல, காலையில எந்திரிச்சு நேரா கடைக்குத்தான் போனாரு

அத்தை: இஞ்சிச்சாறு பூண்டுச்சாறு எலுமிச்சம்பழம் ஆப்பிள் வினிகர் எல்லாத்தையும் காய்ச்சி தேன் கலந்து வெறும் வயித்துல குடிச்சா அடைப்பு கரைஞ்சிரும்னு வந்துச்சு, அண்ணனுக்கு குடுத்துப் பாருங்க மதினி

மலர் அக்கா: அத்தை அதுல அடைப்பெல்லாம் கரையாது, வயிறுதான் எரியும். தயவுசெஞ்சு வேணாம்

மலர் அக்கா: மாமா நீங்களும் அந்த வீடியோவ நிப்பாட்டுங்க. நான் பிசியோதெரபிஸ்ட்டா, அட்டாக் வந்தவங்கள தேத்தி நடக்க வைக்கிற ரீஹேப் வார்டுல தினமும் பாக்குறேன், பயமுறுத்துனா ரெண்டு நாள் நடப்பாங்க, மூணாவது நாள் போர்வைய இழுத்து மூடிக்குவாங்க. பயந்தவனுக்கு நெஞ்சு லேசா படபடன்னா கூட அட்டாக்குன்னு தோணும், அப்பறம் எங்கிட்டு நடக்குறது

மலர் அக்கா: சித்தி ஒண்ணு கேக்குறேன் மறைக்காம சொல்லுங்க. சித்தப்பா தூங்குறாரா, சாப்புடுறாரா, டிவி பாக்குறாரா, சும்மா விட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்காரா

அம்மா: சாப்பாடு கொறஞ்சு போச்சு மலரு, நானும் உப்பு இல்லாம எண்ண இல்லாம தானே போடுறேன், டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தாள் குடுத்தாங்கள்ல அதுல அப்பளம் கூடாது ஊறுகா கூடாது கருவாடு கூடாது கூடாது கூடாதுன்னே இருக்கு, என்ன சாப்புடலாம்னு ஒரு வரி கெடயாது, அத பிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கேன், அவரு அதப் பாக்கும்போதெல்லாம் "இனி நான் எதுக்கு"ங்குறாரு. டிவி பாக்குறாரு, ஆனா சத்தத்த கொறச்சு வச்சுக்கிட்டு பாக்குறாரு

நான்: இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லயேம்மா

அம்மா: நீ ஆபீஸ்ல இருப்ப

மலர் அக்கா: சரி. அட்டாக் வந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு டிப்ரெஷன் வரும். சித்தப்பாவுக்கு அதுவான்னு நான் சொல்ல முடியாது, செவ்வாய்க்கிழம ரிவ்யூல டாக்டர்கிட்ட இந்த "இனி எதுக்கு" பேச்ச அப்படியே சொல்லுங்க, வெட்கப்படாதீங்க. அதுக்கு மருந்து கவுன்சிலிங்னு தனி வழி இருக்கு, நான் இப்ப சொல்லப்போறது அதுக்குப் பதில் இல்ல

மலர் அக்கா: பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல ஜெஃப் ஹஃப்மன்னு ஒரு மனநல டாக்டர், அவரு டீம் ரொம்ப வருசமா இதத்தான் செய்யுது. அட்டாக் வந்து வீட்டுக்குப் போனவங்களுக்கு வாரம் ஒரு போன், கையில ஒரு சின்ன புக்கு. இந்த வாரம் நல்லபடியா நடந்த மூணு விசயம் எழுது, அடுத்த வாரம் யாருக்காச்சும் நன்றி சொல்லி லெட்டர் எழுது, உனக்கு எது நல்லா வரும்னு யோசிச்சு அத ஒரு தடவ செஞ்சு பாரு. இப்படி எட்டு வாரம் போல. அது கூடவே வாக்கிங் டார்கெட்

மாமா: இதத்தான்மா நான் டெய்லி குட்மார்னிங் மெசேஜ்ல அனுப்புறேன், பாசிட்டிவா நெனச்சா உடம்பே சரியாயிரும், மாத்திரையே தேவையில்ல

அம்மா: தம்பி நீ இத அவருகிட்டயும் சொன்னியா

மாமா: சொன்னேனே, ஏன்க்கா

அம்மா: அய்யோ

அம்மா: அந்த ரோஸ் கலர் மாத்திரை அட்டையில ஆறு அப்படியே இருக்கு, கேட்டா "உன் தம்பியே சொல்லிட்டான், எனக்கு நல்லாத்தான் இருக்கு"ங்குறாரு

மலர் அக்கா: சித்தி அது க்ளோபிடோக்ரெலா? அட்டைய போட்டோ எடுத்து அனுப்புங்க உடனே

அம்மா: போட்டோ

மலர் அக்கா: அதேதான். இப்பவே டாக்டருக்கு போன் போட்டு ஆறு நாள் விட்டுப்போச்சுன்னு சொல்லி எப்படி ஆரம்பிக்கணும்னு கேளுங்க, செவ்வாய் வரைக்கும் வெய்ட் பண்ண வேணாம். ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம இருக்கத்தான் ஆஸ்பிரினும் அதுவும் சேத்து பெரும்பாலும் ஒரு வருசம் வரைக்கும் குடுக்குறாங்க, டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிப்பாட்டக் கூடாது. மாமா கோச்சுக்காதீங்க, நான் சொல்றதுக்கும் உங்க மெசேஜுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்

மாமா: தப்புதான். நானே மச்சான்கிட்ட பேசுறேன்

அண்ணன்: மலரு ஒரு டவுட்டு. மூணு நல்லது எழுதுனா ஹார்ட்டுக்கு என்ன ஆகும், லாஜிக் புரியல

மலர் அக்கா: எழுதுறதுனால அடைப்பு போகாதுண்ணே. அந்த டீம் 164 பேர வச்சு ஒரு ஸ்டடி பண்ணாங்க, 2016ல வந்துச்சு. அட்டாக் வந்து ரெண்டு வாரத்துல யாருக்கு "இனிமே நல்லா இருப்போம்"ங்குற நம்பிக்க அதிகமோ அவங்க ஆறு மாசம் கழிச்சு அதிகமா நடக்குறாங்க, மறுபடி ஹாஸ்பிடல்ல சேர்றது கம்மி. சும்மா வாயால சொன்னத நம்பல, உடம்புல மீட்டர் மாதிரி ஒண்ணு மாட்டி எண்ணியிருக்காங்க. வேடிக்க என்னன்னா நன்றியுணர்வுக்கு அந்தளவு தொடர்பு தெரியல, அதையும் மறைக்காம போட்டிருக்காங்க

மலர் அக்கா: 2019ல 15 ஸ்டடிய ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, 2 லட்சத்து 29 ஆயிரம் பேரு. நம்பிக்க உள்ளவங்களுக்கு ஹார்ட் பிரச்சன 35 சதவீதம் கம்மி. ஆனா நம்பிக்கதான் காப்பாத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அவங்க நடப்பாங்க, சிகரெட்ட விடுவாங்க, மாத்திரைய ஒழுங்கா போடுவாங்க. எனக்கு அந்த வழியே போதும்

நான்: நம்ம ஊர்ல இதெல்லாம் பண்ணிருக்காங்களாக்கா

மலர் அக்கா: இந்தியாவுல 24 ஹாஸ்பிடல்ல யோகாவ வச்சு பண்ணாங்க, கிட்டத்தட்ட 4000 பேரு. மறுபடி அட்டாக் வர்றது பெருசா கொறஞ்சதா நிரூபிக்க முடியல. ஆனா உடம்பு தேவலைன்னு அவங்களே சொன்னாங்க, பழைய வேலைகளுக்கு திரும்புனது அதிகம்

மலர் அக்கா: சித்தப்பாவுக்கு எது நல்லா வரும், சொல்லுங்க

அண்ணன்: 31 வருசம் கண்டக்டர். டிக்கெட் கிழிக்க வரும்

நான்: கிண்டல் பண்ணாத. மதுரை டு ராம்நாடு எந்த ஸ்டாப்புல யாரு ஏறுவாங்கன்னு இன்னைக்கும் சொல்லுவாரு

அம்மா: மாலை போட்டா 48 நாள் சிகரெட்ட தொடமாட்டாரு, அதயும் எழுது

மலர் அக்கா: சித்தி!! இத ஏன் இவ்வளவு நேரம் சொல்லல, 18 வருசம் மலைக்குப் போனவருக்கு விடத் தெரியாதா. இனிமே "நீ விடமாட்ட"ன்னு வையாதீங்க, "மாலை போட்டப்ப முத வாரத்த எப்படி ஓட்டுனீங்க"ன்னு கேளுங்க, அவ்வளவுதான், பதில அவரே சொல்லுவாரு

மலர் அக்கா: அந்தத் தாள பிரிட்ஜுலருந்து கிழிங்க. உப்பு கம்மி அப்படியே இருக்கட்டும், ஆனா அவருக்கு பிடிச்சதுல எது ஆகுமோ அத எழுதி ஒட்டுங்க. மீன் கொழம்பு ஆகும், உப்பும் எண்ணையும் கொறச்சு. கொள்ளு ரசம் ஆகும்

அம்மா: கொள்ளு ரசத்துக்கு உசுர குடுப்பாரு

வியாழன்

அம்மா: மாத்திரை அன்னைக்கே டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிச்சாச்சு. "இனி எதுக்கு"ன்னு பேசுறதயும் சொன்னேன், டாக்டர் அவர வச்சே பத்து நிமிசம் பேசுனாரு, ரெண்டு வாரம் பாப்போம்னு சொல்லிருக்காரு. நடக்க பெர்மிசன் குடுத்தாச்சு, முதல்ல பத்து நிமிசம்

நான்: நேத்து சாயங்காலம் தெப்பக்குளம் கூட்டிட்டுப் போனேன். மலர் அக்கா சொன்ன மாதிரி நடந்துக்கிட்டே பேச முடியணும், மூச்சு வாங்குனா நிக்கணும்னு சொன்னேன், என்னத்தப் பேசன்னாரு. ஸ்டாப் சொல்லுங்கப்பான்னேன். மொறச்சாரு. அப்பறம் ஆரம்பிச்சாரு பாருங்க, விரகனூர் சிலைமான் திருப்புவனம் திருப்பாச்சேத்தி மானாமதுரை பார்த்திபனூர் பரமக்குடின்னு பழைய கொரல்ல, எதுக்க வந்த ரெண்டு பேரு திரும்பிப் பாக்குறாங்க. சத்திரக்குடி வரும்போது லேசா மூச்சு வாங்குச்சு, அவரே "ஹோல்டான்"னு சொல்லி படிக்கட்டுல உக்காந்துட்டாரு

அண்ணன்: யப்பா

மலர் அக்கா: இதவிட நல்ல டெஸ்ட் எந்த புக்குலயும் இல்ல. சொல்ல முடியலன்னா ஹோல்டான், சொல்ல முடிஞ்சா ரைட். நெஞ்சு வலி, தல சுத்தல் வந்தா மட்டும் ஸ்டாப் கணக்கெல்லாம் பாக்காம உடனே ஹாஸ்பிடல்

அத்தை: அன்னைக்கு ராத்திரி வாய்வுன்னு ஓமத்தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரத்த வீணடிச்சமே, அந்தப் பாவம் எனக்கு இன்னும் ஆறல

மலர் அக்கா: அத்தை எல்லா வீட்லயும் வாய்வுன்னுதான் ஆரம்பிக்கும். அழாதீங்க

மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு

அம்மா, "ராம்நாடு வண்டி" என்பவரை சேர்த்தார்

அண்ணன்: அம்மா!!! யாரு இது

அம்மா: உங்கப்பாதான், பேர மாத்திக்கிட்டாரு. எனக்கு மறைக்கத் தெரியலப்பா, எல்லாத்தயும் வாசிச்சு காமிச்சுட்டேன்

ராம்நாடு வண்டி: வணக்கம். குரூப்புக்கு பேரு நல்லா வச்சிருக்கீங்க

ராம்நாடு வண்டி: எதுத்த வீட்டுக்காரன நான் தனியா பாத்துக்குறேன்

மாமா: மச்சான் மன்னிச்சுக்கங்க அந்த மாத்திர விசயம்

ராம்நாடு வண்டி: விடு மாப்ள. குட்மார்னிங் மட்டும் அனுப்பாத, போன் ஃபுல்லாகுது

மலர் அக்கா: சித்தப்பா மூணு நல்லது எழுதுறீங்களா இல்லையா

ராம்நாடு வண்டி: முத நாள் எழுதச் சொன்னப்ப எரிச்சலா வந்துச்சும்மா, நெஞ்சுல ரெண்டு கம்பி இதுல நல்லது என்னத்த எழுத. உங்க சித்தி மொகத்துக்காக கொள்ளு ரசம்னு ஒரு வரி எழுதுனேன். அப்பறம் டிரிப் ஷீட் மாதிரி நெனச்சுக்கிட்டேன், அன்னைக்கு கலெக்ஷன அன்னைக்கே எழுதிப்புடணும், மறுநாள் ஞாபகம் இருக்காது

ராம்நாடு வண்டி: லெட்டர் எழுதச் சொன்னியே, அத எழுதல. அன்னைக்கு ராத்திரி கூட்டிட்டுப் போன ஆட்டோக்கார தம்பிய ஸ்டாண்டுல போயி பாத்தேன், காசு வாங்க மாட்டேன்னுட்டான் அன்னைக்கு. கையப் புடிச்சேன், பேச்சு வரல, ரெண்டு பேரும் டீ குடிச்சோம்

நான்: அப்பா

ராம்நாடு வண்டி: தெப்பக்குளம் ஒரு சுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல வருது, கணக்கு போட்டு பாத்தேன், இதுவரைக்கும் நடந்தது திருப்பாச்சேத்தி தாண்டியாச்சு. சிகரெட்டு 16 நாளா இல்ல, நடுவுல ஒரு நாள் குடிச்சேன், பொய் சொல்லல, அதயும் ஷீட்ல எழுதிருக்கேன்

அண்ணன்: ஒரு நாள் தானேப்பா. மாலை போட்டப்ப முத வாரம் எப்படி இருந்துச்சு

ராம்நாடு வண்டி: இத யாருடா சொல்லிக்குடுத்தா உனக்கு

ராம்நாடு வண்டி: இன்னைக்கு ஷீட். ஒண்ணு, காலையில குளத்துல தண்ணி தளும்ப நின்னுச்சு. ரெண்டு, பழைய டிரைவர் எதுக்க வந்தான், அவனுக்கும் சுகர், நாளைலருந்து கூட வர்றேன்னான். மூணு, மகன் வையாம பேசுனான்

ராம்நாடு வண்டி: வர்ற வாரம் மானாமதுரை. வண்டி பத்து நிமிசம் நிக்கும், டீ குடிக்கிறவங்க குடிக்கலாம்

அம்மா: சக்கர இல்லாம