புதுப்பிப்பு: பூங்கா நிலத்துக்கு ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது

சிகாகோ புறநகரில் நாங்கள் வீடு வாங்கியபோது பூங்கா என்று காட்டிய நிலம் மூன்று ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடப்பதை வசந்த காலத்தில் எழுதியிருந்தேன். நகராட்சியைக் கேட்டால், பூங்காக்களை நடத்தும் 'பூங்கா மாவட்டம்' (park district) என்ற அமைப்பைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் நகராட்சியை.

"இரண்டும் ஒன்றுதானே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. எங்கள் இல்லினாய் மாநிலத்தில் பூங்கா மாவட்டம் தனி அரசு அமைப்பு. அதற்குத் தனி வாரியம், தனிச் சொத்து வரி. உங்கள் வரி ரசீதில் நகராட்சி ஒரு வரிசையிலும் பூங்கா மாவட்டம் வேறொரு வரிசையிலும் இருக்கும், பாருங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகராட்சி; கட்டுநரிடம் பூங்காவுக்காக நிலமோ பணமோ கேட்பதும் அதுவே. நேப்பர்வில் நகரம் போட்ட அப்படியொரு விதியை மாநில உச்ச நீதிமன்றம் 1977இல் செல்லும் என்றது. ஆனால் புல் வெட்டி, ஊஞ்சல் கட்டி, நடத்தப்போவது மாவட்டம். நடுவில் ஒப்பந்தம் இல்லையென்றால் நிலம் அந்தரத்தில் தொங்கும். எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

போன வாரம் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த நிலத்திலுள்ள மழைநீர்க் குளம் நகராட்சியின் பொறுப்பு, மற்றதெல்லாம் மாவட்டத்துக்கு. குளத்தங்கரையின் வேலி யாருடையது என்பதற்கே அரை மணி நேரம் ஆனது. அந்தக் கேள்வியை எழுப்பிய வாரிய உறுப்பினருக்கு மனமார்ந்த நன்றி. குழந்தைகள் ஓடும் இடம் அது.

இன்று காலை ஆரஞ்சு நாடா கட்டிய அளவுக்குச்சிகள் நட்டிருந்தார்கள். என் மகள் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். பதினேழு.