2,74,990 ரூபாய்க்கு ரெடிமேட் கேமிங் பிசி வாங்கிட்டேன். வச்சுக்கலாமா, திருப்பி அனுப்பிடலாமா?

மலைக்கோட்டை_90:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷம் சீட்டு கட்டிச் சேத்த பணத்துல ஒரு கேமிங் பிசி வாங்கினேன். ஆன்லைன்ல ஆர்டர் போட்டது, பெங்களூருலேர்ந்து திருச்சிக்கு வந்துச்சு. ஜிஎஸ்டி சேத்து 2,74,990. வந்து நாலு நாள் ஆச்சு, திருப்பி அனுப்பணும்னா இன்னும் ஆறு நாள்தான் இருக்கு.

கடையில போட்டிருந்தது இவ்வளவுதான்: ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 5080 16 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 850 வாட் கோல்டு பவர் சப்ளை, 360 மிமீ லிக்விட் கூலர், விண்டோஸ் 11, 3 வருஷ வாரண்டி. என் மானிட்டர் 1440பி (4கே-வ விட ரெசல்யூஷன் கம்மி), 180 ஹெர்ட்ஸ்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடும்போது எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருதுங்கற நம்பர்) நல்லாத்தான் காட்டுது. ஆனா ஸ்மோக் குண்டு விழற நேரத்துல, நாலு பேர் ஒண்ணா வர்ற நேரத்துல ஒரு திணறல். இதே ப்ராசஸர், இதே கார்டு வச்சிருக்கற ஃப்ரெண்டு வீட்டுல அது இல்ல. பணம் வீணாப் போச்சோன்னு ராத்திரி தூக்கமே வரல. யாராவது சொல்லுங்க.

ரிச்சி_தெரு_வாசி:

தம்பி, பதறாதீங்க. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம இந்த விலை நியாயமா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. ப்ராசஸரும் கார்டும் பேரச் சொன்னாலே போதும், அதுல மறைக்க இடமில்ல. கடைக்காரர் மிச்சம் பிடிக்கறது எல்லாம் பாதி மட்டும் சொன்ன வரிகள்ல. '32 ஜிபி'ன்னா எத்தன ஸ்டிக், என்ன ஸ்பீடு? '850 வாட் கோல்டு'ன்னா யாரோட எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எந்த மாடல்? கோல்டுங்கறது கரண்ட்ட வீணாக்காம எவ்வளவு மாத்தித் தருதுங்கறதுக்கான முத்திரை மட்டும்தான். உள்ள போட்ட கெப்பாசிட்டர் நல்லதான்னு அது சொல்லாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல பன்னெண்டு வருஷம் அசெம்பிள் பண்ணினவன் சொல்றேன், நல்ல கார்டு போட்டு மட்டமான எஸ்எம்பிஎஸ் வச்ச பெட்டி நிறைய பாத்திருக்கேன்.

டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் திறந்து ஸ்பீடும் ஸ்லாட் எண்ணிக்கையும் பாருங்க. ஜிபியூ-இசட்னு கார்டு விவரம் காட்டற சாஃப்ட்வேர் போட்டு ஆர்ஓபி (கார்டு சிப்புக்குள்ள பிக்சல முடிச்சு எழுதற யூனிட்) எண்ணிக்கை பாருங்க. 5080-க்கு 112 இருக்கணும். 2025 ஆரம்பத்துல வந்த சில கார்டுல எட்டு குறைஞ்சு 104 இருந்துச்சு. கார்டு சிப் தர்ற என்விடியாவே ஒத்துக்கிட்டு, மாத்திக்கச் சொன்னாங்க. அப்புறம் பவர் ஆஃப் பண்ணி, பக்கக் கண்ணாடிய கழட்டி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர ஒரு போட்டோ எடுங்க. வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மட்டும் கழட்டறதுக்கு முன்னாடி கடையில கேட்டுடுங்க.

மலைக்கோட்டை_90:

பாத்துட்டேன் அண்ணா. ஆர்ஓபி 112 சரியா இருக்கு. எஸ்எம்பிஎஸ் நல்ல கம்பெனிதான், ஏடிஎக்ஸ் 3.1-னு (புது எஸ்எம்பிஎஸ் தரம்) போட்டிருக்கு, கார்டுக்கு நேரடி 12வி-2x6 பவர் கேபிள் போகுது. மதர்போர்டு பி650.

ஆனா ரேம்... ஸ்பீடு 4800-னு காட்டுது. ஸ்லாட் 4-ல 1. திறந்து பாத்தா ஒரே ஒரு ஸ்டிக் இருக்கு, பக்கத்துல மூணு ஸ்லாட் காலியா இருக்கு. ஸ்டிக்கர்ல 6000-னு போட்டிருக்கு. சிபியூ-இசட்ங்கற சாஃப்ட்வேர்ல சேனல்ங்கற இடத்துல 2 x 32-பிட்னு வருது.

ரிச்சி_தெரு_வாசி:

திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் இதான். டிடிஆர்5-ல ஒரு ஸ்டிக்குக்குள்ளயே ரெண்டு சின்ன சேனல் இருக்கு, அதான் 2 x 32. ரெண்டு ஸ்டிக் போட்டா 4 x 32-ன்னு வரணும். உங்க ப்ராசஸர் பாதி அகலமான ரோட்டுல ஓடிட்டு இருக்கு. 9800எக்ஸ்3டி-ல 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) இருக்கறதால ஆவரேஜ் எஃப்பிஎஸ் பெரிசா விழாது, அதான் உங்களுக்கு நம்பர் நல்லாத் தெரியுது. கேஷுக்குள்ள அடங்காத வேலை வரும்போதுதான் குலுங்கும்.

4800 வேற கதை. எக்ஸ்போ (ரேம ஸ்டிக்கர்ல போட்ட ஸ்பீடுல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணாமலே அனுப்பிட்டாங்க. அது பயாஸ்ல (போர்டோட செட்டிங் ஸ்கிரீன்) ஒரு நிமிஷ வேலை.

தாம்பரம்_கிழக்கு:

ப்ரோ, விலைக்கு நான் வர்றேன். இந்த வாரம் நான் விசாரிச்ச விலையில கூட்டிப் பாத்தேன். ப்ராசஸர் 42,000, கார்டு 1,18,000, போர்டு 18,000, ரேம் 36,000, எஸ்எஸ்டி 10,000, எஸ்எம்பிஎஸ் 10,500, கூலர் 9,000, கேபினட் 7,500. மொத்தம் 2,51,000. நீங்க கூடக் குடுத்தது கிட்டத்தட்ட 24,000. அதுல விண்டோஸ், அசெம்பிளி, பிரச்சனைன்னா ஒரே இடத்துல போய்க் கேக்கற வசதி இதெல்லாம் வந்துருது. பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நான் நியாயம்னுதான் சொல்வேன். ரேம் விலை ஏறினதுலேர்ந்து இந்தக் கணக்கே மாறிப்போச்சு. 2025 நடுவுல இதே 32 ஜிபி ரேம் செட்ட நான் பத்தாயிரத்துக்குள்ள வாங்கினேன். ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி பூரா போறதால மெமரி செய்யற மைக்ரான் கம்பெனி, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கற க்ரூஷியல் பிராண்டையே மூடறோம்னு 2025 டிசம்பர்ல சொல்லிட்டாங்க. பழைய விலையில ஸ்டாக் எடுத்து வச்ச கடையில ரெடிமேட் பெட்டி சில சமயம் தனித்தனியா வாங்கறத விட மலிவாவே கிடைக்குது.

அதனால திருப்பி அனுப்பாதீங்க, ரேம மட்டும் மாத்திக் கேளுங்க.

மதுர_மல்லி:

எனக்கு இதுல ஒரு மாற்றுக் கருத்து. 1440பி மானிட்டருக்கு 5080 தேவையான்னு யாருமே கேக்கல. அதுக்கு ஒரு படி கீழ இருக்கற 5070 டிஐ கார்டுலயும் அதே 16 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரிதான். ரெண்டும் வந்தப்ப என்விடியா இந்தியாவுக்குச் சொன்ன ஆரம்ப விலை 5070 டிஐ-க்கு 80,000, 5080-க்கு 1,07,000. வேகத்துல அந்த அளவு வித்தியாசம் கிடையாது. திருப்பி அனுப்ப ஆறு நாள் கையில இருக்கறப்ப, மிச்சமாகற பணத்துல 4கே மானிட்டருக்குப் பாதி வந்துடும். நான் போன வருஷம் இப்படித்தான் 'பெரிசா எடுத்துடுவோம்'னு எடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கு. தம்பி, யோசிச்சுப் பாருங்க.

தாம்பரம்_கிழக்கு:

அக்கா சொல்றது வாங்கறதுக்கு முன்னாடின்னா நூத்துக்கு நூறு சரி. இப்ப அனுப்பிட்டு வேற எடுக்கணும்னா அன்னைக்கு ரேம் என்ன விலையோ யாருக்குத் தெரியும்?

மலைக்கோட்டை_90:

அக்கா, அடுத்த வருஷம் 4கே மானிட்டர் எடுக்கற எண்ணம் இருக்கு, அதான் 5080. கடைக்கு போன் பண்ணேன். மொதல்ல '32 ஜிபி-ன்னுதான் போட்டோம், ரெண்டு ஸ்டிக்னு சொல்லலயே'ன்னாங்க. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் மெயில் போட்டு, மாத்தலன்னா மொத்தத்தையும் ரிட்டர்ன் பண்றேன்னு எழுதினேன். சாயந்தரமே 16 ஜிபி ரெண்டு அனுப்பறோம்னு ஒத்துக்கிட்டாங்க!

ரிச்சி_தெரு_வாசி:

சந்தோஷம். வந்ததும் ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடுங்க. ரெண்டு முனையும் 'டக்'குனு உக்காரணும். எக்ஸ்போ ஆன் பண்ணி முதல் தடவ ஸ்டார்ட் ஆகறப்ப ஸ்கிரீன் சில நிமிஷம் கருப்பாவே இருக்கலாம். போர்டு ரேம சோதிச்சுப் பழகிட்டு இருக்குன்னு அர்த்தம். பயந்து ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடாதீங்க.

இன்னொண்ணு, பில்ல எடுத்துப் பாருங்க. 'கேமிங் கம்ப்யூட்டர் - 1'னு ஒரே வரியா போட்டிருந்தா ஒவ்வொரு பார்ட்டுக்கும் மாடலும் சீரியல் நம்பரும் போட்டுத் திருத்தித் தரச் சொல்லுங்க. நாளைக்கு அந்தக் கடை இல்லாமப் போனாலும் கார்டு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காட்ட உங்க கையில அது வேணும். இதுக்கும் இந்த ஆறு நாளுக்குள்ளயே கேளுங்க, அப்புறம் அவங்களுக்கு அவசரம் இருக்காது.

மலைக்கோட்டை_90:

ரேம் நேத்து வந்துச்சு அண்ணா. கருப்பு ஸ்கிரீன் நாலு நிமிஷம் இருந்துச்சு. நீங்க சொல்லலன்னா கண்டிப்பா பட்டன அமுக்கியிருப்பேன். இப்ப 6000, 4 x 32-பிட். எஃப்பிஎஸ் நம்பர் பெரிசா ஏறல, ஆனா ஸ்மோக்ல திணறல் போயிடுச்சு. நாலு மேட்ச் ஆடிப் பாத்துட்டேன். பில்லும் உங்க சந்தேகப்படி ஒரே வரிதான். திருத்தி அனுப்பச் சொல்லி மெயில் போட்டிருக்கேன், இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அது கைக்கு வந்தப்புறம்தான் அட்டைப்பெட்டியப் பரண்ல போடுவேன்.