காதால் பார்த்த உலகக் கிண்ணங்கள்: வன்னியில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: பரந்தன்சந்தி

அனைவருக்கும் வணக்கம். தொண்ணூறுகளில் வன்னியில் வாழ்ந்து, உலகக் கிண்ணத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) போட்டிகளை வானொலி வழியாக மட்டுமே பின்தொடர்ந்த உறவுகளிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். அன்று காதால் கேட்ட ஆட்டங்களைப் பின்னாளில், போரில் மூடப்பட்டிருந்த ஏ9 பாதை திறந்த பிறகோ வெளிநாடு சென்ற பிறகோ, திரையில் பார்த்தபோது அவை உங்கள் மனத்தில் இருந்த ஆட்டங்களாகவே இருந்தனவா?

எனக்கு அப்படி இருக்கவில்லை. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவுடன் நடந்த இறுதிப் போட்டியில், தலைவர் அர்ஜுன ரணதுங்க இலங்கை அணியை வெற்றிக்குக் கொண்டுசென்ற அடி, என் நினைவில் பல ஆண்டுகளாக மைதானத்தைத் தாண்டிப் பறக்கும் ஒரு பெரிய அடியாகவே இருந்தது. கொட்டிலுக்குள் எழுந்த கூச்சலில் வர்ணனையாளர் சொன்னது எவருக்கும் கேட்கவில்லை. ஆகவே அந்த அடியை அவரவர் தமக்குப் பிடித்தபடி அமைத்துக்கொண்டோம். காணொளியில் பார்த்தால், மனிதர் மக்ராவின் பந்தை மட்டையின் முகத்தைச் சற்றே திருப்பி, தனக்குப் பின்னால் உள்ள 'தேர்ட் மேன்' பக்கமாக நழுவ விடுகிறார், அவ்வளவுதான். ரணதுங்கவின் ஆட்டத்தை அறிந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அரவிந்த டி சில்வாவின் 107 ஓட்டங்களையும், அவர் வீழ்த்திய 3 விக்கெட்டுகளையும், பிடித்த 2 பிடிகளையும் கேட்டு முடித்த எங்களுக்கு, அப்படி ஓர் ஆட்டம் இவ்வளவு அமைதியாக முடியக்கூடும் என்று தோன்றவேயில்லை.

எந்த அணியை யார் ஆதரித்தார்கள், ஏன் ஆதரித்தார்கள் என்ற விவாதத்துக்கு இந்த இழையைத் திருப்ப வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அது முடிவில்லாதது, பலமுறை பேசியும் ஆயிற்று. எந்த ஆட்டம், எப்படிக் கேட்டீர்கள், பின்னர் என்ன கண்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பதில் 1: வவுனிக்குளத்தான்

இளையவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் 'எப்படிக் கேட்டீர்கள்' என்ற பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அக்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி, வன்னிக்குள் கொண்டுவர அரசு தடைசெய்த பொருள்களுள் ஒன்று. எங்காவது ஒரு சோடி கிடைத்தாலும் அதன் விலை கூலிவேலை செய்பவர் எட்டிப் பார்க்க முடியாதது. தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் சிறிது நேரம் உழைக்க வைப்போம் என்றாலும், ஒருநாள் போட்டி என்பது இரு பக்கமுமாக நூறு ஓவர்கள் கொண்டது. வெயிலில் காய்ந்த பற்றரி செய்தி அறிக்கைக்குத்தான் காணும். ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லின் டயரில் டைனமோ உரசும்படி வைத்து, அதிலிருந்து வரும் கம்பிகளை வானொலியில் பற்றரி போடும் இடத்தில் இணைத்து, ஒருவர் மாறி ஒருவர் கையால் பெடலைச் சுற்றுவோம்.

வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். கை தளர்ந்தால் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கிவிடும். பந்துவீச்சாளர் ஓடிவரும் நேரம் பார்த்து, சுற்றுபவரே உணர்ச்சிவசப்பட்டுக் கையை நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் ஆட்டம் சூடுபிடிக்கும்போது, துடுப்பாட்டத்தில் எள்ளளவும் அக்கறை இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்துச் சுற்ற வைத்தோம். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கிண்ணத்தின் பாதி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கேள்விக்கு வருகிறேன். லாகூரை விட, அதற்கு நான்கு நாட்கள் முந்திய, இந்தியாவுடனான கல்கத்தா அரையிறுதியே எனக்கு முக்கியமானது. அந்தக் கிண்ணத்தில் எதிரணிகளை முதல் 15 ஓவர்களுக்குள் கலங்கடித்துவந்த ஜயசூரியவும் களுவிதாரணவும் ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்துவிட, எல்லாம் முடிந்தது என்று எழுந்து போனவர்களும் உண்டு. அதன் பிறகு அரவிந்த 47 பந்துகளில் 66 ஓட்டங்கள் எடுத்தார். நாங்கள் கேட்டது ஆங்கில வர்ணனை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பகுதியில் தங்கியிருந்த ஆசிரியர் ஒருவர் அதை உடனுக்குடன் தமிழில் சொன்னார். அவருக்கு அரவிந்த என்றால் உயிர். ஒவ்வொரு நான்கு ஓட்டத்துக்கும் அவர் கொடுத்த வர்ணனை, வானொலியில் வந்ததை விட இரண்டு மடங்கு நீளமாக இருந்தபடியால், மனிதர் நன்றாகவே கூட்டிச் சொல்கிறார் என்று அன்றே எங்களுக்குச் சந்தேகம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டில் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ஆசிரியர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இந்தியாவின் சரிவு மட்டும் வேறு மாதிரி. 98 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட் என்றிருந்த அணி, டெண்டுல்கர் 65 ஓட்டங்களில் ஜயசூரியவின் பந்தில் ஸ்டம்ப் செய்யப்பட்டதும் 120க்கு 8 என்றாகி, ஆட்டம் அப்படியே நின்றுபோனது. ஏன் நின்றது என்று எங்களுக்கு விளங்கவில்லை. மழை என்றார் ஒருவர். பார்வையாளர்கள் போத்தல்களை எறிந்து, இருக்கைகளுக்கு நெருப்பு வைத்ததும், மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் வெற்றியை இலங்கைக்கு வழங்கியதும் பின்னர்தான் தெளிவாகத் தெரிந்தன. இந்திய வீரர் காம்ப்ளி அழுதபடி மைதானத்தை விட்டு வெளியேறும் காட்சியை வைத்துத்தான் இன்று எல்லோரும் அந்த ஆட்டத்தை நினைவுகூர்கிறார்கள். எங்கள் ஆட்டத்தில் அந்தக் காட்சி இல்லவே இல்லை.

பதில் 2: கந்தோர்க்காரன்

தம்பிமார் 1996இலிருந்து தொடங்குகிறீர்கள். காது ஏமாற்றிய கதை என்றால் 1987ஐ விட்டுவிட முடியாது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி சேப்பாக்கத்தில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் மோதின. நான் அப்போது மாங்குளத்தில் வேலை. கந்தோரில் இருந்த வானொலியைச் சுற்றி நாங்கள் சிலர். அவுஸ்திரேலியா 268 ஓட்டங்கள் என்று கேட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனோம். டீன் ஜோன்ஸ் அடித்த பந்து ஒன்று நான்கா ஆறா என்று மைதானத்தில் தகராறு எழுந்து, இடைவேளையில் அது ஆறு என்று முடிவாகி, இந்திய அணித் தலைவர் கபில் தேவும் அதற்கு இணங்க, எண்ணிக்கை 270 ஆக உயர்ந்த சங்கதி எங்கள் காதுக்கு எட்டவில்லை. மாலையில் இந்தியா 269ஐத் தொட்டதும் இங்கே ஒருவர் மேசையில் தட்டி வெற்றி முழக்கம் இட்டுவிட்டார். வானொலியிலோ அப்படி எந்த ஆரவாரமும் இல்லை. அடுத்து வந்தது, ஸ்டீவ் வோவின் பந்தில் மனிந்தர் சிங் போல்ட் ஆனார், அவுஸ்திரேலியாவுக்கு ஓர் ஓட்டத்தால் வெற்றி என்ற அறிவிப்பு. வானொலி நிலையத்தாருக்குக் கணக்குத் தெரியாது என்று மேசையில் தட்டியவர் வீடு போகும்வரை வாதாடினார்.

பின்னாளில் கனடாவில் அதன் தொகுப்பைப் பார்த்தேன். ஜோன்ஸின் அந்த அடியை மெதுவாக்கிப் பார்த்தாலும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அரசியல் வேண்டாம் என்கிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தை அடுத்த ஓரிரு நாட்களுக்குள் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையுடனான சண்டை தொடங்கிவிட்டது. அதன் பின்னர் அந்தக் கிண்ணத்தை எங்களில் எவரும் கேட்கவில்லை. நவம்பரில் கல்கத்தாவில் அவுஸ்திரேலியா இங்கிலாந்தை 7 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைப் பெற்றதை நான் அறிந்தது வெகுகாலம் கழித்துத்தான். இதை எழுதாமல் விட்டால் நான் ஏன் அரைக் கிண்ணத்தோடு நிறுத்தினேன் என்று வாசிப்பவருக்கு விளங்காது.

பதில் 3: முத்தையன்கட்டு

கந்தோர்க்காரன் ஐயா சொன்னதுபோல இதையும் ஒரு காரணத்தோடுதான் சொல்ல வேண்டும். 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னே நகர்த்தியது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி நகர்த்தவில்லை. பழைய நேரம், புதிய நேரம் என்று எங்களுக்கு இரண்டு நேரங்கள் இருந்தன. 2003இல் இரண்டுக்கும் இடையே அரை மணி. தென்னாபிரிக்காவில் நடந்த கிண்ணத்தின்போது, ஆட்டம் இத்தனை மணிக்கு என்று யாராவது சொன்னால், அது எந்த நேரம் என்று திருப்பிக் கேட்காதவன் கெட்டான்.

பெப்ரவரி 14ஆம் திகதி பீற்றர்மாரிட்ஸ்பேர்க்கில் பங்களாதேஷுடன் இலங்கை ஆடிய ஆட்டத்துக்கு எங்கள் நண்பர் ஒருவர் அப்படித்தான் அரை மணி பிந்தி வந்து சேர்ந்தார். சமிந்த வாஸ் ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலும் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி, அதே ஓவரின் ஐந்தாவது பந்தில் நான்காவதையும் எடுத்துவிட்டிருந்தார். வந்தவரிடம் சொன்னபோது, பிந்தி வந்தவனைக் கேலி செய்கிறீர்கள் என்று அவர் நம்ப மறுத்தார். நான் பயிற்சிக் கொப்பியில் ஓட்டப் பதிவு எழுதுகிற வழக்கம் உடையவன். அந்தப் பக்கத்தைக் காட்டினேன், அதையும் நம்பவில்லை. இரவுச் செய்தியில் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார். (கொப்பிகள் எல்லாம் கடைசி இடப்பெயர்வில் போய்விட்டன, யாரும் படம் கேட்க வேண்டாம்.)

அதே கிண்ணத்தில் மார்ச் 3ஆம் திகதி டர்பனில் தென்னாபிரிக்காவுடன் சமநிலையில் முடிந்த ஆட்டம், நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை. மழை தூறிக்கொண்டிருக்கிறது, 45ஆவது ஓவர் முரளியுடையது. ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் ஆறு ஓட்டத்துக்கு அடிக்கிறார், கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமல் நிற்கிறார். முரளி கடைசிப் பந்தில் அவரை மடக்கிவிட்டார் என்றே நாங்கள் எண்ணிக்கொண்டோம். அது முரளியின் மாபெரும் பந்துகளில் ஒன்றாக எங்கள் ஊரில் சில காலம் பேசப்பட்டது. திரையில் பார்த்தால் அப்படி ஒன்றுமே இல்லை. மழையால் ஆட்டம் நின்றால் இலக்கைத் தீர்மானிக்கும் டக்வேர்த் லூயிஸ் கணக்கின்படி 229 போதும் என்று பவுச்சருக்குத் தகவல் போயிருக்கிறது. அது வெற்றிக்கான எண் அல்ல, சமநிலைக்கான எண். ஓர் ஓட்டம் ஓடியிருந்தால் வென்றிருப்பார்கள். போட்டியை நடத்திய நாடே ஆறு அணிகள் ஆடும் அடுத்த சுற்றான சுப்பர் சிக்ஸுக்குப் போகாமல் வெளியேறியது. மழைக் கணக்கு சாதாரண இரசிகருக்கு ஒருபோதும் விளங்கப்போவதில்லை என்பது என் கருத்து. அன்று அணிக்கே விளங்கவில்லை.

2007 அளவில் எங்களிடம் தொலைக்காட்சியும் அதை இயக்க ஒரு ஜெனரேற்றரும் வந்துவிட்டன. பார்படோஸில் நடந்த இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 104 பந்துகளில் 149 ஓட்டங்கள் அடித்ததை நன்றாகவே பார்த்தோம். ஆனால் இலங்கை ஆடிய கடைசி ஓவர்கள் ஏறக்குறைய இருட்டில் வீசப்பட்டதால், மண்ணெண்ணெயைச் செலவழித்துப் படம் பார்த்தும் கடைசியில் வர்ணனையைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

பதில் 4: இரணைமடு_இளவல்

அண்ணாமாரே, நான் உங்களுக்குப் பிந்திய தலைமுறை. 2009 ஜூனில் லோர்ட்ஸில் இருபது20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தபோது நாங்கள் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தோம். அதைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

நான் ஒழுங்காகப் பார்த்த முதல் கிண்ணம் 2011. எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. மார்ச் 29ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் நியூசிலாந்துடன் நடந்த அரையிறுதியை, கிளிநொச்சியில் ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு கடையின் வாசலில் நின்று அப்பாவோடு பார்த்தேன். இலங்கை மண்ணில் முரளி தன் கடைசிப் பந்தை வீசியது அந்த ஆட்டத்தில்தான். அந்தப் பந்தில் ஸ்டைரிஸ் எல்பிடபிள்யூ. கடை வாசலில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். அப்பா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முரளியை ஆண்டுக்கணக்காகக் கேட்டவர், பத்திரிகையில் மங்கலான படங்களைப் பார்த்தவர், ஆனால் முரளி பந்து வீசுவதை முழுதாகப் பார்த்தது அன்றுதான். வரும் வழியில் சொன்னார்: "பந்தை விடேக்க கண்ணை இவ்வளவு பெரிசா முழிப்பான் எண்டு ஒரு றேடியோவும் சொல்லேல்லையே."

பின்னர் இந்தியாவுடன் நடந்த மும்பை இறுதிப் போட்டியில் மஹேலவின் 103 ஓட்டங்களும் வீணாகின. கம்பீரின் 97, தோனியின் 91, கடைசியில் குலசேகரவின் பந்தில் அந்த ஆறு ஓட்டம். அதை எல்லோரும் பார்த்தீர்கள், நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்: பரந்தன்சந்தி

எல்லோருக்கும் நன்றி. இளவல் தம்பியின் அப்பா சொன்னது என் கேள்விக்கு நான் எதிர்பார்த்ததை விட நல்ல விடை. ஒரு சிறு குறை: 1999 இங்கிலாந்துக் கிண்ணத்தைப் பற்றி எவரும் எழுதவில்லையே. இலங்கை முதற் சுற்றோடு வெளியேறியதால் கேட்காமல் விட்டுவிட்டீர்களா?

பதில் 5: முத்தையன்கட்டு

இலங்கை வெளியேறிய பிறகும் கேட்டோம், அண்ணா. ஜூன் 17ஆம் திகதி எட்ஜ்பாஸ்டனில் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் ஆடிய அரையிறுதி. கடைசி ஓவரில் 9 ஓட்டங்கள் தேவை. குளூஸ்னர் ஃபிளெமிங்கின் முதல் இரு பந்துகளையும் நான்கு ஓட்டங்களுக்கு அடித்ததும், தென்னாபிரிக்கா வென்றுவிட்டது என்று டைனமோவைச் சுற்றியவர் எழுந்துவிட்டார். மீண்டும் அவரை உட்கார வைத்துச் சத்தம் வரும்போது டொனால்ட் ரன் அவுட் ஆகியிருந்தார். இரு அணிகளும் 213. சமநிலை என்பது விளங்கியது. யார் இறுதிப் போட்டிக்குப் போவது என்பது விளங்கவில்லை. நாளைக்குத் திரும்ப ஆடுவார்கள் என்றார் ஒருவர், நாணயம் சுண்டுவார்கள் என்றார் இன்னொருவர். சுப்பர் சிக்ஸ் அட்டவணையில் தென்னாபிரிக்காவை விட மேலே நின்றதால் அவுஸ்திரேலியாதான் போகிறது என்ற விளக்கம் மறுநாள் மாலைதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை, தென்னாபிரிக்காவின் பக்கம் ஒரு தேநீரும் வடையும் பந்தயம் கட்டியிருந்தவர், சமநிலை என்றால் எவருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்று சந்தையில் நின்று சாதித்துக்கொண்டிருந்தார்.