மறுமொழி: ‘உலர்தொட்டி’ வேண்டாம், ‘புறத்தேக்கம்’ என்போம்

அன்பின் குழும நண்பர்களுக்கு,

> டிரை சம்ப் டேங்க் என்பதற்கு ‘உலர்தொட்டி’ நேரான சொல். எல்லோருக்கும் உடன்பாடு என்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

நம் தொழில்நுட்பச் சொற்பட்டியலுக்காக வந்த இந்த முன்மொழிவில் எனக்கு உடன்பாடு இல்லை. டிரை சம்ப் டேங்க் என்பது எஞ்சினின் எண்ணெயை எஞ்சினின் அடிக்குழிக்கு வெளியே வைத்திருக்கும் தொட்டி. சேர்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து ஸ்டோரில் பிட்டர், அதாவது இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பவன். (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) தன் பழைய காரை நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. 1934இல் தொடங்கிய பந்தயம் அது. அதற்காக இந்த எண்ணெய்த் தொட்டியைத் துருப்பிடிக்காத உருக்கில் தானே செய்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் கூடமாட நின்றேன்.

இரண்டாம் ஞாயிறு, வேலை பழக வந்திருந்த தம்பியிடம், “அந்த உலர்தொட்டியை எடுத்து வா” என்றேன். நம் குழுமத்தில் அப்போது அடிபட்டுக்கொண்டிருந்த சொல்லைப் பட்டறையில் புழங்கிப் பார்க்கலாமே என்ற ஆவல். அவன் தொட்டியைத் துணியால் நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதற்குள் எண்ணெய் ஊற்றவே கூடாதா, அண்ணே?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. பிழை சொல்லில் இருக்கிறது. எஞ்சினின் எண்ணெய் முழுவதும் வந்து நிற்கும் பாத்திரத்துக்கு ‘உலர்’ என்று பெயர் வைத்தால் அவன் வேறு எப்படிப் புரிந்துகொள்வான்?

ஆங்கிலப் பெயரில் உலர்ந்திருப்பது (டிரை) தொட்டி அல்ல, எஞ்சினுக்கு அடியில் உள்ள குழி (சம்ப்). வழக்கமான கார்களில் எண்ணெய் அந்தக் குழியிலேயே கிடக்கிறது. ரம்பொடைப் பக்கத்து வளைவுகளில் வேகமாகத் திருப்பினால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில் உறிஞ்சுகுழாயின் வாய் வெறுங்காற்றை இழுத்துவிட்டால், பேரிங்குகளுக்கு எண்ணெய் கிடைக்காமல் உலோகம் உலோகத்தோடு உரசும். சில விநாடிகள் போதும், எஞ்சின் பாழாகிவிடும். இதைத் தவிர்க்கவே, குழியில் வடியும் எண்ணெயை ஒரு பம்பி (பம்ப்) காற்றோடு சேர்த்து உடனுக்குடன் அள்ளி வெளியே உள்ள தொட்டிக்கு அனுப்புகிறது. இன்னொரு பம்பி தொட்டியின் அடியிலிருந்து நல்ல எண்ணெயை எடுத்து எஞ்சினுக்குத் தருகிறது. ஆகவே இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு ஈரமா உலர்வா என்பது அல்ல. எண்ணெய் எங்கே தேங்கி நிற்கிறது என்பதே வேறுபாடு.

அகம், புறம் என்று பிரித்துப் பார்ப்பது நம் மொழிக்குப் பழகிய வழி. குழிக்குள்ளேயே நின்றால் அகத்தேக்க முறை, குழிக்கு வெளியே நின்றால் புறத்தேக்க முறை. நிற்கும் பாத்திரம் எண்ணெய்த்தேக்கி. குழுமத்தில் முன்பே நான் சொன்ன முன்மொழிவு இதுதான்.

‘தேக்கம்’ என்றாலே அசைவற்றுக் கிடப்பது, பொருளாதாரத் தேக்கம் என்பதைப் போல, என்று சென்னை நண்பர் மறுத்திருந்தார். எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள், ஐயா. காசல்ரீ நீர்த்தேக்கம் எங்கள் கண்முன்னே கிடக்கிறது. மேலே பார்க்க அசையாத நீர்தான். ஆனால் அது கீழே இறங்கி விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோர்ட்டன் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது, அங்கிருந்து லக்ஷபான மின்நிலையத்துக்குப் போகிறது. நிறுத்தி வைத்து, வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவில் விடுவதைத்தான் மலையகத்தில் நாங்கள் தேக்கம் என்கிறோம். மச்சானின் தொட்டி செய்வதும் அதே வேலைதான்.

இதே தொட்டிக்குத் ‘தெளிகலம்’ என்ற சொல்லை முன்வைத்தவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அழகான சொல், அதை மறுக்க எனக்கு மனமே வரவில்லை. நாங்கள் செய்த தொட்டி 15 சென்டிமீட்டர் விட்டமும் 42 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளை. ஏறத்தாழ ஏழு லீற்றர் கொள்ளும், ஆனால் நுரைக்கும் காற்றுக்கும் மேலே இடம் விட வேண்டும் என்பதால் ஐந்து லீற்றர்தான் ஊற்றினோம். எண்ணெய் திரும்பி வரும் குழாயை மச்சான் நேராக நடுவில் இறக்கவில்லை. மேற்பகுதியில், சுவரைத் தழுவிக்கொண்டு நுழையுமாறு சாய்த்து ஒட்டினான். முதல்முறை ஓட்டியபோது மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். நுரையோடு வந்த எண்ணெய் உட்சுவரைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது, காற்றுக் குமிழிகள் நடுவில் ஒதுங்கி மேலே வந்து உடைந்தன. அந்தக் காட்சியைப் பார்த்த எவருக்கும் ‘தெளி’ என்ற வேர்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் தெளிவித்தல் அந்தப் பாத்திரம் செய்யும் வேலைகளில் ஒன்றுதான், இருப்பு வைப்பதே முதல் வேலை. நீர் சுத்திகரிப்பில் வண்டல் படியவிடும் தொட்டிக்குத் ‘தெளிகலம்’ மிகப் பொருத்தமாக இருக்கும். அதற்காக அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

> புல்லட் மோட்டார் சைக்கிளின் பழைய எஞ்சின் டிரை சம்ப் வகைதான். ஆனால் எண்ணெய் எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புறத்தேக்கம் என்பீர்களா?

இதுதான் வந்தவற்றுள் கனமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். ஆம், என்பேன். அந்த எஞ்சினில் எண்ணெய் அறை அதே வார்ப்பில் இருந்தாலும், வளைதண்டு (கிராங்க் ஷாப்ட்) சுழலும் அறைக்குப் புறம்பாகச் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பம்பி அள்ளித் தந்தால்தான் எண்ணெய் அங்கே போகும். நம் சொல்லில் வரும் ‘புறம்’ எஞ்சினுக்குப் புறம் அல்ல, குழிக்குப் புறம். விளக்கக் குறிப்பில் இந்த வரியைத் தவறாமல் சேர்க்க வேண்டும்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே எண்ணெய் அலைபாயாமல் இருக்க வைக்கும் துளையிட்ட தகடுகளுக்குத் ‘தடுப்புத் தகடு’ போதும், அதற்குப் புதுச்சொல் தேடுவது வீண். குழியிலிருந்து எண்ணெயை அள்ளும் பம்பிக்கு (ஸ்கேவெஞ்ச் பம்ப்) ‘துப்புரவுப் பம்பி’ என்பது அகராதியைப் பார்த்து எழுதியது, அந்தப் பம்பி எதையும் துப்புரவு செய்வதில்லை. அடியில் ஒட்டியிருப்பதைச் சட்டியிலிருந்து வழித்தெடுப்பதைப் போல அது எடுக்கிறது, அதனால் ‘வழித்தெடுப்புப் பம்பி’. ‘வழிப்பம்பி’ என்று சுருக்கினால் பாதை என்ற பொருள் குறுக்கே வரும். ‘மசகு எண்ணெய்’ என்பதைப் பட்டியல் முழுவதும் நீக்கக் கோருகிறேன். தமிழ்நாட்டில் அது உராய்வைக் குறைக்கும் எண்ணெய், இலங்கைப் பத்திரிகைகளிலோ நிலத்திலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத எண்ணெய். ஒரே பட்டியலை இரு கரையிலும் படிக்கப் போகிறார்கள்.

வெல்டிங் பற்றி ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. 1.5 மில்லிமீட்டர் தகட்டை உருளையாக வளைத்து, ஆர்கன் வாயு பாயும் டிக் வெல்டிங்கில் மச்சான் ஒட்டினான். வெளித்தையல் வெள்ளிக் கம்பியாக மின்னியது. உள்ளே விரலை விட்டால் கரடுமுரடாக, அடிப்பிடித்த பால்சட்டியின் கருக்கல் போல ஒரு பொருக்கு. பின்புறத்திலும் ஆர்கனை நிரப்பிக் காற்றை விரட்டாமல் ஒட்டியதால், சூடான உருக்கு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கருகிவிட்டது. அந்தப் பொருக்கு உதிர்ந்து எண்ணெயோடு போனால் எஞ்சினைத் தின்றுவிடும் என்று சொல்லி, உருளையை அப்படியே ஒதுக்கிவிட்டான். அடுத்த ஞாயிறு புதுத் தகடு வெட்டி, இரு முனைகளையும் மூடி, உள்ளே வாயு நிரப்பி மறுபடி ஒட்டினான். இம்முறை உள்ளேயும் வழவழப்பு.

அந்தப் பொருக்கை ஆங்கிலத்தில் சர்க்கரை பூத்தல் என்ற பொருளில் சொல்கிறார்கள். எங்கள் கையில் கிடைத்த கருப்புக்கும் சர்க்கரைக்கும் எனக்கு உறவு தெரியவில்லை. ‘உட்கருக்கல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், அரைமனத்தோடுதான். பட்டறையில் கைவேலை செய்கிறவர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து